கீழ்ப்பாதி

ஏரி நிலையத்திலிருந்து எண்கள் ஒழுங்காக வருகின்றன:
நீர்மட்டம், பனிக்கனம், காற்று.
படம்தான் வருவதில்லை.
பாதி ஏரி இறங்கித் திரையில் நிற்கும்,
மீதிக்குச் சாம்பல் பட்டை.

மூன்று வாரமாகக் கேமராவைத் திட்டினோம்,
பிறகு பனியை,
பிறகு, வழக்கம்போல, பிஷ்கெக் தலைமையகத்தை.

இன்று நரினில் மைனஸ் இருபத்துநான்கு.
இரவுப்பணி எனக்கு.
மலைமேல் ரூட்டருக்குப் பிங் அனுப்பினேன்.
நூறு போனது, நூறும் திரும்பியது.
சின்னக் கேள்விக்குச் சின்னப் பதில்.
யாகூத்ஸ்கிலிருந்து என் தங்கையும் இப்படித்தான்:
சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்.
அதற்குமேல் ஒன்று கேட்டுவிட்டால்
இருவரும் ஒரே நேரத்தில் பேசி
இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவோம்.

உள்ளே நுழைந்து இடைமுகத்தைக் கேட்டேன்.
ஈதர்நெட், பூஜ்யம், சாய்கோடு, ஒன்று.
இணைப்பு உண்டு என்றது.
பொய்யில்லை.
யாரும் இறங்கிப் பார்க்காத பதினேழாம் வரியில்
சிதைந்து வந்தவை நாற்பத்தோராயிரம்.

விவரக்குறிப்பு என்னும் இடத்தில் ஒரு மனிதக் குரல்:
'தொடாதீர்கள். வேகம் நூறு. முழு இருவழி. — கெனாடி.'

கெனாடி ஓம்ஸ்க் போய் ஆறு வருடம்.
அவர் கட்டிப்போட்டது பழைய ரேடியோவுக்காக.
அது இலையுதிர் காலத்தில் செத்தது,
புதிதை மாட்டினோம், கேபிள் அதேதான்.
புதியது மாட்டிய அன்றே கேட்டிருக்கும்:
என்ன வேகம் உனக்கு, எப்படிப் பேசலாம்?
ரூட்டர் வாய் திறக்கவில்லை.
வாயைத் தைத்துவிட்டுத்தானே போனார் மனிதர்.
பதில் வராவிட்டால் புதியது
பாதி இருவழிக்கு இறங்கிக்கொள்ளும்:
ஒருவர் முடித்தபின் மற்றவர்.
இதுவோ காத்திருக்கத் தெரியாதது.
எண் நுழைகிற சந்தில் ஏரி நுழையுமா?

சரிசெய்ய இரண்டே வரி.
ஆனால் நான் நிற்கிற கிளையும் அதுதான்;
வெட்டு பிசகினால்
அடுத்த ஏணி ஏப்ரலில், பாதை திறந்தபின்.
ஆகவே முதலில் கட்டளையிட்டேன்:
பத்து நிமிடத்தில் உன்னை நீயே மறுபடி தொடங்கிக்கொள்,
நான் செய்ததையெல்லாம் மறந்துவிடு.

வேகம்: தானாக.
திரை உறைந்தது.
இருவழி: என்று தட்டிய எழுத்துகள்
இங்கேயே கிடந்தன.

பத்து நிமிடம். எழுந்துவர இன்னும் நான்கு.
ஆறிப்போன தேநீரில் வெண்ணெய் படலம் கட்டியது.

இரண்டாம் முறை
மீண்டும் பத்து நிமிடம் குறித்து
இரண்டு வரியையும் ஒன்றாக ஒட்டி
ஒரே விழுங்கலாக ஊட்டினேன்.
இணைப்பு விழுந்தது.
மூன்று மூச்சு.
எழுந்தது.

வரிசையில் தேங்கியிருந்த நண்பகல் படம்
மேலிருந்து வழிந்தது: வானம், முகடு, பனிக்கட்டியின் விளிம்பு,
சாம்பல் பட்டை தொடங்கும் இடம்,
அதைத் தாண்டியும்.

கேமராவின் காலடியில்
பனிமேல் அடுப்புக்கரி கொட்டி
ஆள் நீளத்துக்கு இரண்டெழுத்து:
உன்.
எங்கள் மொழியில் மாவு.

காவலர் சூயுன்பாயின் கைபேசி
டிசம்பரிலேயே செத்திருக்க வேண்டும்.
நீர்மட்டம் வருகிறது, ஆள் நலம்,
என்று எழுதி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன், நானே,
பதினோரு இரவு.
முந்தைய படங்களும் வரத் தொடங்கின.
ஒவ்வொன்றிலும் அதே இரண்டெழுத்து,
பின்போகப் பின்போகக் கரி அடர்த்தியாக.

ஐயோ, கடிகாரம்!
நாற்பது நொடி மிச்சமிருக்க
மறுதொடக்கத்தை ரத்து செய்தேன்,
நிரந்தர நினைவில் எழுதினேன்.
கெனாடியின் குறிப்பை அழிக்க மனமில்லை, அழித்தேன்.
அந்த இடத்தில்:
'தானாகப் பேசிக்கொள்ளட்டும்.
படத்தைக் கடைசி வரை பாருங்கள். — பெர்மெத்.'

சங்கிலிவண்டிக்கார எர்மெக்கை எழுப்பினேன்.
மேலே மாவு தீர்ந்துவிட்டது என்றேன்.
தூக்கக் குரலில் கேட்டான்:
எத்தனை மூட்டை?

படத்தில் எண் இல்லை.